நான்கு அங்குலம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அப்பா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கைப்பிடியைப் பற்றினார். வலது காலைத் தூக்கியவர் பாதியிலேயே இறக்கிக்கொண்டார். "நீ முன்னால போ கண்ணு, நான் மொபெட்டுல வர்றேன்" என்றார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர். தம்பி அதை உயர்த்திய பிறகு இந்த நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அதில் ஏறியதில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருநாள் வெயில் என்பார், ஒருநாள் முட்டிவலி என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டியை இறக்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரவு தம்பிக்குப் போன் செய்தேன். "இறக்காதக்கா, வண்டி குட்டையாத் தெரியும்" என்றான். அவன் ஆசையில் குற்றமில்லை. உயர்ந்து நிற்கும் ஜீப் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மார்கழியில் மோகனூர் வாய்க்கால் கரையில் நடந்ததை அவனிடம் நான் சொன்னதில்லை. எதிரே வந்த கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கியபோது இடப்பக்கச் சக்கரங்கள் சரிவில் இறங்கின. வண்டி ஒருகணம் சாய்ந்தே நின்றது, தண்ணீர் நேர் கீழே தெரிந்தது. இன்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிக்கா, செஞ்சிரு" என்றான்.

பிப்ரவரி 5, புதன்

எங்களுடையது மகேந்திரா கட்டிய சி.ஜே.3பி. வில்லிஸ் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த உருவம் அது. அதில் வைத்த ஹரிகேன் எஞ்சின் பழையதைவிட உயரம். அதற்கு இடம் கொடுக்கத்தான் பானெட்டை உயர்த்தினார்கள், எடுப்பான அந்த முகம் வந்தது அப்படித்தான். அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பிறகும் நம் நாட்டில் அது தொடர்ந்து உருவானது. எங்கள் வண்டியில் அப்பா டீசல் எஞ்சின் வைத்து, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ நான்கு அடி. அவ்வளவு சின்னக் காலடியில் நிற்கிற வண்டி அது. எடையை நான்கு அங்குலம் மேலே கொண்டுபோனால் சரிவில் அது கவிழ்வதற்கான கோணம் நெருங்கிவிடும். ஆற்று மணலிலும் உழவுக்காட்டிலும் நெஞ்சை நிமிர்த்திப் போகிற வண்டியை வாய்க்கால் கரையில் பயந்து பயந்து ஓட்ட வேண்டியிருந்ததற்கு அதுதான் காரணம்.

களத்துமேட்டில் சமதளம் பார்த்து நிறுத்தி, நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். பழைய போட்டோக்களில் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் நான்கு அங்குலம் கூடுதல்.

பிப்ரவரி 6, வியாழன்

நாமக்கல்லில் பிறந்த வண்டிகளுக்குக் கொடுப்பினை இருக்கிறது. லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர், டேங்கர் லாரிகளின் ஊர். ஸ்பிரிங் பட்டை வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அப்பாவுக்குப் பழக்கமான ஸ்பிரிங் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். மேஸ்திரி கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வேலை பண்ணியிருக்காங்க அம்மணி" என்றார்.

ஒவ்வொரு ஸ்பிரிங் கட்டிலும் இரண்டு பட்டை கூடுதலாகச் செருகி வளைவையும் ஏற்றியிருக்கிறார்கள். அதில் இரண்டரை அங்குலம். ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை மூன்று அங்குலம் கூடுதல் நீளமாக மாற்றியிருக்கிறார்கள். ஷாக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டும் இருப்பதால் அதன் நீளத்தில் பாதிதான் உயரமாக வரும், அதில் ஒன்றரை. கணக்கு சரியாக இருந்தது.

உயரம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஜீப்பில் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஸ்பிரிங் மூக்கைக் கீழே குத்திக்கொள்ளும், ஆக்சிலும் கூடவே முன்னால் திரும்பும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்காக வில்லிஸ்காரர்கள் வைத்த கேஸ்டர் கோணம் வெறும் 3 டிகிரி. அதைத்தான் இந்த ஷாக்கிள் தின்றிருக்கிறது. நாமக்கல் சாலையில் ஐம்பதைத் தாண்டினால் வண்டி அலைந்ததற்கு டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆக்சில் கீழே போனதால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் அதிகச் சாய்வில் வேலை செய்கிறது. இரண்டு வருஷத்தில் மூன்று முறை கிராஸ் ஜாயின்ட் மாற்றியதற்கும் இன்றுதான் பதில் கிடைத்தது.

"சூடு வச்சு வளைவை இறக்கினா சீக்கிரம் முடிஞ்சிருமா அண்ணா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "பட்டையைச் சிவக்கக் காய்ச்சினா அதோட உசுரு போயிருமுங்க. அப்புறம் அது வெறும் இரும்பு."

அவர் சொன்னது உண்மை. ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, திரும்ப அளவாகச் சூடுகாட்டித்தான் அந்தத் துள்ளலைக் கொண்டுவருகிறார்கள். கேஸ் தீயைக் காட்டினால் அது கலைந்துவிடும்; கொஞ்ச நாளில் தொய்யும், இல்லையென்றால் ஓடும்போது ஒடியும். சூடில்லாமல் சம்மட்டியால் தட்டித்தான் வளைவை இறக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

நாளெல்லாம் பட்டறையில்தான் இருந்தேன். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை அறுத்து, சென்டர் போல்ட் கழற்றியதும் பட்டைகள் சீட்டுக்கட்டு சரிந்ததுபோல் விரிந்தன. இடையில் துருவும் காய்ந்த சேறும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வரிசையாக வைத்தோம். செருகிய பட்டைகள் ஏதோ பெரிய வண்டியுடையவை. மற்றவை 6 மில்லிமீட்டர் கனம், இவை 7. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஏழை ஆறால் வகுத்து மும்முறை பெருக்கிப் பார்த்தால், அந்த ஒரு பட்டை மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு.

மேஸ்திரி ஒவ்வொரு பட்டையாகப் பட்டடையில் வைத்துத் தட்டினார். இரண்டு தட்டு, தூக்கிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. அளவுகோலே இல்லை. மெயின் பட்டையின் மேல் அடுத்ததை வைத்து இடைவெளியைக் கண்ணால் பார்த்தே வளைவு சொல்கிறார். முன் கட்டில் செருகியதில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். "டீசல் எஞ்சின் கனமுங்க, அது இல்லாட்டி மூக்கு தொங்கிரும்." ஒப்புக்கொண்டேன். கம்பெனி உயரத்துக்குக் கீழே இறக்குவதும் தப்புதான். ஆக்சில் ஒவ்வொரு குழிக்கும் போய் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்.

பழைய ஷாக்கிளுக்கு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், அப்பா மாட்டுக்கொட்டகைப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கி வைத்திருந்தார். உள்ளே நான்கு யூ வடிவ ஷாக்கிளும் மரை புஷ்களும், கிரீஸ் தடவித் துணி சுற்றி! தம்பி கழற்றிப்போட்ட அன்றே எடுத்து வைத்தாராம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்த ஷாக்கிள்களில் சிலவற்றுக்கு இடமரை. புடைப்பாக ஓர் அடையாளம் இருப்பது இடமரை என்று அப்பா பட்டறைக்கே வந்து காட்டினார். தெரியாமல் வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினார்கள். யூ போல்ட் எட்டும் புதிது. ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்பக்கூடாது. ஷாக் அப்சார்பரும் பழைய நீளத்துக்கு மாற்றினோம். பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நான் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் வண்டி இப்போது சட்டத்தின் கணக்கிலும் நேராக நிற்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

இரண்டு நாள் ஓட்டத்தில் பட்டைகள் படிந்துவிட்டன. மறுபடி அளந்தேன். பின்னால் நான்கு அங்குலம், முன்னால் மூன்றரை இறங்கியிருக்கிறது. அப்பா கைப்பிடியைப் பற்றி ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். காந்தமலை முருகன் கோயில் அடிவாரம் வரை போய்விட்டு, திரும்பும்போது வாய்க்கால் கரை வழியாகவே வந்தோம்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். கழற்றிய பட்டையையும் ஷாக்கிளையும் மட்டும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவிப் பரணில் வையுங்கள்.