அப்பாவுக்கு மெயில் வரலை!

"உங்க அண்ணனுக்கு என் மேல கோபம்டா!"

மங்கலம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுத் திண்ணையில் பையைக்கூட இன்னும் வைக்கவில்லை. அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? பதினெட்டு நாளா மெயில் இல்லை."

விஷயம் இதுதான். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஊரில் இருக்கும் நிலத்தை விற்பதா, வேண்டாமா என்று அப்பாவுக்கும் அவனுக்கும் தகராறு. போனில் பேசினால் மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் கட் பண்ணிவிடுவார்கள். கடைசியில் அம்மாதான் தீர்ப்பு சொன்னாள்: "எதுவா இருந்தாலும் எழுதிக்குங்க!" அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். ஆக, ஹாலில் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே தூது.

தூது வாயடைத்துப் போயிருந்தது. மெயில் புரோகிராமைத் திறந்தால் 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர், அணைத்துவிட்டுப் போடுவது. போட்டேன். பிரயோஜனமில்லை. அதே வைஃபையில் என் போனுக்கு மெயில் வந்தது. ஆக, லைன் மேல் குற்றமில்லை. மெயில் வாங்கும் வழி 995, அனுப்பும் வழி 587. இரண்டு எண்ணும் சரி. 'பாஸ்வேர்டைச் சொல்லுங்க, என் போன்ல பார்த்துடலாம்' என்றால், "எவன்கிட்டயும் சொல்லாதேன்னு பேங்க்ல சொல்லியிருக்கான்" என்று அவரே முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தார்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது நான் டவுசர் பையன். அந்தக் கால மோடம் கீச்கீச்சென்று கத்தித்தான் லைன் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கே தெரியும். இப்போது எல்லாம் சத்தமில்லாமல் படுத்துக்கொள்கிறது!

கடைக்காரர் வந்து பார்த்தார். "மதர்போர்டை மாத்திடலாம் சார்" என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ராத்திரி தற்செயலாகத் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 1-1-2015!

பி.காம். அப்போதுதான் கைகொடுத்தது. காசோலைக்கு ஆயுள் மூணு மாசம். 2012 ஏப்ரலுக்கு முன்னால் ஆறு மாசம். வரப்போகிற தேதி போட்ட காசோலையை இன்றைக்கு நீட்டினால் கேஷியர் திருப்பிக் கொடுத்துவிடுவார் இல்லையா? மெயில் சர்வரும் இணையும்போது 'நான்தான் அசல்' என்று ஒரு சான்றிதழ் நீட்டும். அதிலும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று உண்டு. நம் கம்ப்யூட்டரோ 2015-ல் உட்கார்ந்துகொண்டு, 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

தேதியை மாற்றினேன். மடமடவென்று மெயில்கள் விழுந்தன. அண்ணனுடையது மட்டும் ஏழு. முதல் இரண்டும் நிலம். மூணாவது, 'ஏன் பதில் இல்லை?' ஐந்தாவது, 'உடம்பு சரியில்லையா?' ஏழாவது ஒரே வரி: 'அம்மாகிட்ட கேட்டேன். தினமும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கீங்களாம். என்னோட பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா.'

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு ஒற்றை விரலால் அரைமணி நேரம் தட்டினார். 'கோபம் இல்லைடா. கம்ப்யூட்டர் ரிப்பேர். நிலம் எங்கேயும் ஓடிப்போகாது. பொங்கலுக்கு வா.'

மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் 2015! காரணம் அப்பாவேதான். கரன்ட் பில்லுக்குப் பயந்து தினமும் ராத்திரி சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவார். அப்போது கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி. சி.ஆர். 2032, மூணு வோல்ட். அது உயிரை விட்டிருந்தது. நாற்பது ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன்.

பதினெட்டு நாள் இரண்டு பேரும் தூங்கவில்லை. காரணம், நாற்பது ரூபாய்! யாராவது பதில் போடவில்லை என்றால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம் வருவதில்லை. பேட்டரிதான் ஞாபகம் வருகிறது.

அப்பா இன்னமும் ராத்திரி ஸ்விட்சை அணைக்கிறார். காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரைக் கிழித்து, கம்ப்யூட்டர் தேதியோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் காபி!