ஊதுறதுக்கு முந்நூறா?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கம்ப்யூட்டரை நானே சுத்தம் செய்துவிடுவது என்று கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ப்ளோயர் கையில் இருந்தது. மூடியைக் கழற்றி முழு வேகத்தில் பிடித்தேன். ஐந்து வருடத் தூசி ஒரே மூச்சில் கிளம்பியது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சோபா, கொடியில் கிடந்த துணி, சாமி அலமாரி என்று ஒன்று பாக்கியில்லை. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைப்பத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ஆனால் உள்ளே இருந்த விசிறி, மாவரைக்கும் மெஷின் மாதிரி கரகரத்தது. தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகக் கிடக்கும் சந்துகளுக்கு எல்லாம் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் அந்தப் பெயருக்குள் அடக்கம். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத மாடிப்படி. அதன் முடிவில் பத்துக்குப் பத்து அறை. அங்கே சர்வீஸ் வேலை பார்ப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். குழாய் மானிட்டர்களைத் தோளில் சுமக்கும் பையனாக இந்தத் தெருவுக்கு வந்தவர்.

விசிறியை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதப் பிடிச்சுக்காம ஊதினீங்களா சார்?”

ப்ளோயர் காற்று விசிறியை அதன் அளவுக்கு மேல் சுழற்றிவிடும், பேரிங் தேயும். தவிர, வெளிக்காற்றில் சுழலும் மோட்டார் தானே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். அதனால் ஊதும்போது ஐஸ் குச்சியை இறக்கைக்கு நடுவே செருகி நிறுத்த வேண்டும். அவர் சட்டைப் பையில் பேனாவோடு இரண்டு ஐஸ் குச்சிகளும் இருந்தன.

“ஊதறது பெரிய விஷயமில்ல சார். ஊதினது எங்க போய் உக்காரும்னு மொதல்ல பாக்கணும்.”

அதைப் பார்க்கத்தான் மறுவாரம் அவர் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டேன். மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடி வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கதவைத் திறந்தார். பேரன் படிக்கும் கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒருதரம் தானே அணைந்துவிடுகிறதாம்.

சர்வீஸ்காரர் முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பால்கனியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். “ஒரு பழைய வேட்டி இருக்குமாம்மா?” என்று வாங்கி, நனைத்து, ஒட்டப் பிழிந்து, கிராதியில் திரைபோலக் கட்டினார். தரையில் ஈரச் செய்தித்தாள். சற்றுத் தள்ளி, காய்ந்த ஸ்டூலின் மேல் கேபினெட். கூடத்துக்குப் போகும் கதவைச் சாத்தினார். வயரைப் பிடுங்கிய பிறகு பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வடித்தார். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரமே ஒரு சிப்பைக் கொல்லப் போதும்.

மூடி திறந்ததும் தூசியைக் கிள்ளி விரலில் தேய்த்தார். “தினம் சாம்பிராணி போடுவீங்களாம்மா?” அம்மாவுக்கு ஆச்சரியம். சமையலறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து தூசி களிம்பாகும், ஊதினால் நகராது. நாய் வளர்க்கும் வீட்டில் முடி கயிறாகத் திரியும். பட்டினப்பாக்கம் பக்கம் போனால் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும். “ஒரு வீட்ல பல்லி முட்டை கூட எடுத்திருக்கேன்” என்றார்.

இடது கையில் வேக்குவம் குழாய், வலது கையில் பெயின்ட் பிரஷ். பிரஷ் கிளப்பிவிட, ஒரு சாண் தள்ளி நிற்கும் குழாய் வாங்கிக்கொள்கிறது. குழாயின் பிளாஸ்டிக் வாய் உராய்வில் மின்னேற்றம் பெறும் என்பதால் போர்டில் ஒரு கணம்கூடப் படவில்லை. வேக்குவத்தின் பின்பக்கத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். முன்னால் இழுப்பதில் ஒரு பங்கைப் பின்னால் துப்புகிற சாதனம் அது. நான் அதையெல்லாம் யோசித்ததே இல்லை.

பிராசசர் மேல் உட்கார்ந்திருந்த ஹீட் சிங்கின் நாலு காதுகளையும் கால் சுற்று திருப்பித் தூக்கினார். தகடுகளுக்கு இடையே தூசி கம்பளியாக நெய்திருந்தது. இத்தகைய பிராசசர்கள் பலவும் 65 வாட் சூட்டைக் கக்குபவை. பழைய 60 வாட் குண்டு பல்பின் மொத்தச் சூடும் ஒரு தபால்தலை அளவு இடத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். தகடு வழியே காற்று போகாவிட்டால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். பேரனின் கம்ப்யூட்டர் செய்தது அதைத்தான்.

கம்பளியைக் கிழியாமல் ஒரே துண்டாக உரித்துச் செய்தித்தாளில் வைத்தார். காய்ந்து வெடித்திருந்த பழைய பேஸ்டை ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்தார். ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் இரண்டு முறை தேய்த்தார். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்தே காற்றடித்தார். கடைசியில்தான் ப்ளோயர், அதுவும் குறைந்த வேகத்தில், ஐஸ் குச்சி செருகி, வேட்டியைப் பார்த்து.

முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. “எவ்வளவுப்பா?” முந்நூறு. “ஊதுறதுக்கு முந்நூறா?”

அவர் பதில் பேசவில்லை. மடித்து வைத்திருந்த செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டு, இரண்டு கைப்பிடித் தூசி, ஒரு கரப்பான் கூடு. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முந்நூறு ரூபாயும் இரண்டு டம்ளர் மோரும் கொண்டுவந்தார்.

“முன்னல்லாம் வீட்டுக்குள்ளயே ஊதுவோம் சார்,” என்றார் படியிறங்கும்போது. “ரூம் பூரா பறக்கும். இவ்ளோ தூசியான்னு பயந்துபோய்க் கேட்டதக் கொடுப்பாங்க. சுத்தமா செய்யக் கத்துக்கிட்டப்புறம்தான் பேரம் ஆரம்பிச்சுது. அதான், பேப்பர மூடறதுக்கு முன்னாடி ஒருதரம் காட்டிடுவேன்.”

தெருமுனைக் குப்பைத் தொட்டியில் பொட்டலத்தைப் போட்டார். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். வெளிப்பக்கம் சாம்பல் நிறம். உட்பக்கமும் அதே நிறம்தான். உதறி, நாலாக மடித்து, பேன்ட் பையில் வைத்துக்கொண்டார்.

“இத மட்டும் யார்ட்டயும் காட்றதில்ல,” என்று சிரித்தபடி பைக்கை உதைத்தார்.