பாஸ்டனுக்கு வரும் மரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. பாஸ்டன் காமன் பூங்காவில் விளக்கேற்றிய கிறிஸ்துமஸ் மரத்தின் படம் பார்த்தேன். "கனடாவிலிருந்து வருகிறதாமே, இங்கே மரத்துக்கா பஞ்சம்?" என்று கேட்டிருந்தாய். பதில் சொல்ல 1917-க்குப் போக வேண்டும்.

முதல் உலகப் போர் சமயம். டிசம்பர் 6 காலை, நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றிவந்த மான் பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பலும் ஈமோ என்ற நார்வேக் கப்பலும் மோதிக்கொண்டன. மான் பிளாங் தீப்பிடித்தது. கப்பலில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஜனங்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுமார் இருபது நிமிடத்தில் அது வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள், 9,000 பேர் காயமடைந்தார்கள். கண்ணாடிச் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

சேதி அன்றே பாஸ்டனை எட்டியது. மாசசூசெட்ஸ் ஆளுநர் சாமுவேல் மெக்கால், என்ன உதவி வேண்டும் என்று ஹாலிஃபாக்ஸுக்குத் தந்தி அடித்தார். பதில் இல்லை. பதிலுக்காக அவர் காத்திருக்கவும் இல்லை. அன்றிரவு பத்து மணி வாக்கில் டாக்டர்கள், நர்ஸுகள், மருந்துகளுடன் ரயில் புறப்பட்டது. பொறுப்பு ஆபிரகாம் ராட்செஸ்கியிடம். வழியில் பனிப்புயல் மறித்தது. தண்டவாளத்தில் குவிந்த பனியை அள்ளி அப்புறப்படுத்தி, 8-ம் தேதி அதிகாலை போய்ச் சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் நிவாரணக் குழு அத்தோடு ஊர் திரும்பிவிடவில்லை. வீடிழந்தவர்களின் புதுக் குடித்தனத்துக்கு மேசை நாற்காலி வரை வாங்கிக் கொடுத்தது. தற்காலிகக் குடியிருப்பு ஒன்றுக்கு மெக்கால் பெயரையே வைத்தார்கள்.

1918 கிறிஸ்துமஸுக்கு ஹாலிஃபாக்ஸ் ஒரு மரத்தை நன்றியாக அனுப்பியது. அன்று முதல் வருஷா வருஷம் வருகிறது என்றுதான் நினைப்போம். இல்லை. அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் மரமே போகவில்லை. 1971-ல் வழக்கத்தை மீட்டவர்கள் லுனன்பர்க் பகுதியில் கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்பவர்கள். நன்றிக்கு நன்றி, விளம்பரத்துக்கு விளம்பரம்! முகம் சுளிக்க வேண்டாம். மனசில் மட்டும் கிடந்த நன்றியை மறுபடி லாரியில் ஏற்றியது அந்த வியாபாரக் கணக்குதான். பிறகு மாகாண அரசே பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இப்போது மரம் வெட்டுவதே ஒரு விழா. நாற்பது ஐம்பது அடி மரம்; சாய்ந்தால் கிளை முறியும். அதனால் கிரேன் மேலே பிடித்துக்கொள்ள, அடியில் அறுத்து, அப்படியே தூக்கி லாரியில் கிடத்துகிறார்கள். மரத்தைத் தருபவர் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வந்த நிவாரணத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஆப்ரிக்வில்லுக்குக் கிடைத்தது சொற்பம். துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருந்த மிக்மாக் பழங்குடிக் குடியிருப்பு வெடிப்பில் அழிந்தது. மறுபடி எழவே இல்லை. வெளியூருக்கு நன்றி சொன்ன ஊர், பக்கத்திலேயே இருந்தவர்களைக் கவனிக்கவில்லை.

ஹாலிஃபாக்ஸ் போவதாக இருந்தால் டிசம்பர் 6-க்குப் போ. ஃபோர்ட் நீதம் குன்றில் நினைவு மணிக் கோபுரம் இருக்கிறது. வெடித்த நேரத்தில் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். தடித்த கோட்டு எடுத்துக்கொள், கடற்காற்று குளிரும்.

அன்புடன்,
சித்தப்பா