ஆயிரத்தில் தொண்ணூற்றேழு

34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாக இருந்தவன் நான். ஆள் பொய் சொல்வான், எண் பொய் சொல்லாது என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கியவன். விடைத்தாளைப் பார்த்தே மாணவனின் வருங்காலத்தை அளந்துவிடலாம் என்று இறுமாந்திருந்தவன். அந்த என்னை, ஓர் எண் தலைகுனிய வைத்தது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

மகள் அமெரிக்காவில் வாழ்கிறாள். அவள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஓர் ஏப்ரல் 15ஆம் நாள், பேரன் என்னைப் பேஸ்பால் ஆட்டம் காண அழைத்துச் சென்றான். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ஆட்டம் அது. எறிகிறார்கள், அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள். ஆனால் என் கண்ணைக் கவர்ந்தது ஆட்டமன்று, ஆடியோரின் முதுகு! இரு அணியினர் முதுகிலும் ஒரே எண்: 42.

"என்னப்பா, இந்நாட்டில் எண்ணுக்குமா பஞ்சம்?" என்றேன்.

பேரன் சிரித்தான். "இன்று ஜாக்கி ராபின்சன் நாள், தாத்தா. 1947ஆம் ஆண்டு இதே நாளில்தான் அவர் புரூக்லின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். பெரிய அணிகளில் கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளாக இடம் இல்லை. அந்தத் தடையை உடைத்தவர் அவர். அவர் அணிந்த எண் 42."

"இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவர் போலும்!" என்றேன்.

"இல்லை தாத்தா. பல்கலைக்கழகத்தில் அவருக்கு மிகக் குறைவாக வந்த ஆட்டமே இதுதானாம்!"

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் நூலகம் சென்றேன், நூல்களைப் புரட்டினேன்.

ராபின்சன், 1919இல் ஜார்ஜியாவில் பிறந்து கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, தடகளம், பேஸ்பால் என நான்கிலும் அணியில் இடம் பெற்றார். நான்கிலும் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் மாணவர் அங்கே அவர்தாம். கூடைப்பந்தில் தம் வட்டாரப் பிரிவில் ஈராண்டுகள் புள்ளிக் குவிப்பில் முதலிடம். நீளம் தாண்டுதலில் 1940இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கெல்லாம் முதல்வர். ஆனால் பேஸ்பால்? அதே 1940இல் அவருடைய மட்டைச் சராசரி .097! அதாவது, ஆயிரம் முறை மட்டை பிடித்து நின்றால் 97 முறைதான் பந்தை முறையாக அடித்துத் தளம் சேர்வார் என்று பொருள்.

ஆயிரத்துக்குத் தொண்ணூற்றேழு! என் வகுப்பில் அமர்ந்திருந்தால் நூற்றுக்குப் பத்தும் தேறாத பிள்ளை. "இது உனக்கு வராது, வேறு பார்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அதற்குமுன் பாசடீனா இளநிலைக் கல்லூரியில் அவர் இதே ஆட்டத்தைச் சிறப்பாக ஆடியவர் என்பதை விசாரித்திருப்பேனா? மாட்டேன். எண்தான் பேசிவிட்டதே!

அதே ராபின்சன் 1949இல் எடுத்த சராசரி .342. அவ்வாண்டு தேசிய லீகில் அதுவே முதலிடம். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே. 97 எங்கே, 342 எங்கே! இடையில் நிகழ்ந்தது என்ன? தெய்வம் இரங்கியதா? நட்சத்திரம் இடம் மாறியதா? அவற்றை நம்புவோர் நம்பட்டும். நான் கண்ட காரணம் வேறு.

1941இல் அவர் பட்டம் பெறாமலே படிப்பை விட்டார். தாய் தடுத்தும் கேட்கவில்லை. கறுப்பு இளைஞன் எவ்வளவு படித்தாலும் வேலை கிடைக்காது என்று அவர் எண்ணினார். அவ்வாறு எண்ணியதில் வியப்பு என்ன? அவருடைய அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் வென்றவர். பதக்கத்தோடு ஊர் திரும்பிய அந்த வீரருக்குப் பாசடீனாவில் கிடைத்த பணி, தெருக் கூட்டும் பணி! வெள்ளி வென்ற கைக்கு விளக்குமாறு! அதைக் கண்டு வளர்ந்த தம்பிக்குப் பட்டத்தின்மீது பற்று எங்கிருந்து வரும்?

சரி, கூடைப்பந்தில்தான் வல்லவராயிற்றே, அதையே தொழிலாகக் கொண்டிருக்கலாமே என்பீர்கள். இன்று என்.பி.ஏ. என்று புகழப்படும் அமைப்பு தோன்றியதே 1946இல். அதன் களத்தில் கறுப்பினத்தவர் கால் வைத்தது 1950இல்! வல்லமை இருந்த இடத்தில் வாயில் இல்லை. 1945இல் டெக்சஸ் மாநிலத்துச் சிறு கறுப்பினக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். பின்னர் கறுப்பினத்தார் மட்டுமே ஆடிய கான்சாஸ் சிட்டி மானர்க்ஸ் அணியில் பேஸ்பால் ஆடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்தார். கதவு திறந்தது. நாள்தோறும் பயிற்சி, நல்ல ஆசான்கள், நிலையான இடம் ஆகியவை கிடைத்தன. 97, 342 ஆயிற்று. பிறப்பு மாறவில்லை, தோழர்களே, வாய்ப்பு மாறிற்று!

இது ஒருவர் கதை மட்டுமன்று. லாரி டோபி, லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்திற்குக் கூடைப்பந்து ஆடச் சென்றவர். வர்ஜீனியா யூனியனிலும் அதே ஆட்டம் ஆடியவர். 1947 ஜூலை 5ஆம் நாள் கிளீவ்லாந்து அணியில் சேர்ந்து, அமெரிக்க லீகின் முதல் கறுப்பின ஆட்டக்காரரானார். அன்று அவருடன் கைகுலுக்க மறுத்த அணித்தோழரும் இருந்தனர். மறு ஆண்டே அந்த அணிக்கு உலகத் தொடர் வெற்றியைத் தேடித் தந்தோரில் ஒருவராக நின்றார் டோபி.

பாப் கிப்சன் கதை இன்னும் கூர்மையானது. ஒமாகா நகரத்து ஏழைப் பிள்ளை, பிறப்பதற்குமுன்பே தந்தையை இழந்தவர், நோயோடு வளர்ந்தவர். கூடைப்பந்து ஆட இந்தியானா பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டினார். கறுப்பினத்தாருக்கு ஒதுக்கிய எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று விடை வந்ததாக அவரே எழுதியுள்ளார். ஆற்றல் போதாது என்றில்லை, ஆள் கணக்கு முடிந்தது என்று! பின்னர், சொந்த ஊரின் கிரைட்டன் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்காக உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்டது. அங்கே இரு ஆட்டங்களும் ஆடினார். 1957இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவிலும் சில காலம் ஆடிப் பின் பேஸ்பாலில் நிலைத்தார். 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு அவர் பந்தெறிந்த திறம் பெரிதும் பேசப்பட்டது: தடுப்போரின் பிழையால் வந்த ஓட்டங்களை விலக்கினால், ஒன்பது சுற்றுக்குச் சராசரியாக எதிரணி அவரிடம் பெற்றது 1.12 ஓட்டம்தான்! மறு ஆண்டு, எறிவோர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தனர். அவரைப் போன்ற எறிவாளர்களுக்கு ஈடுகொடுக்க அடிப்போரால் இயலாமற் போனதால், விதியையே திருத்த நேர்ந்தது! 'நிரம்பிவிட்டது' என்று திருப்பியனுப்பப்பட்ட கை அது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது, ராபின்சனும் டோபியும் கிப்சனும் மறைந்தனர். என் கண்முன் ஒரு சிறுவன் நின்றான்.

பல ஆண்டுகளுக்குமுன் பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்றவன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 29. மேல்நிலையில் கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "கணக்கு உனக்கு வராது தம்பி, கைத்தொழில் ஏதேனும் பார்" என்றேன். "சரிங்க ஐயா" என்றான், போய்விட்டான். விடியற்காலையில் தேநீர்க் கடையில் குவளை கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே வாரம், ஓர் அதிகாரியின் மகனும் வந்தான். அவன் எடுத்தது 31. அவனிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "சற்று முயன்றால் வந்துவிடும், மாலையில் வீட்டுக்கு வா, சொல்லித் தருகிறேன்." வந்தான், தேறினான், பொறியியல் படித்தான்.

இரண்டு மதிப்பெண்தான் இடைவெளி. ஆனால் ஒருவனுக்குக் கதவைத் திறந்தேன், மற்றவனுக்குச் சாத்தினேன். எண்ணைப் பார்த்தா சாத்தினேன்? இல்லை, ஆளைப் பார்த்துச் சாத்திவிட்டு, எண்ணின்மீது பழியைப் போட்டேன். நானே ஒரு பட்டியலை மனத்துக்குள் வைத்திருந்தேன். அவனைப் போன்றவர்க்கு அதில் இடம் 'நிரம்பிவிட்டது'. நிறத்தின் பெயரால் அங்கே நடந்ததை, நிலையின் பெயரால் இங்கே நடத்தியவன் நானன்றோ!

அவன் இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க முகவரியும் இல்லை. ஊர் திரும்பிய பின், மாலைதோறும் என் திண்ணையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். வருவோரிடம் மதிப்பெண் கேட்பதில்லை. வீட்டில் விளக்கு உண்டா, விடியலில் வேலை உண்டா என்றே கேட்கிறேன்.

தோழர்களே! உங்களுள் பலர் ஆசிரியராவீர்கள்; அதிகாரியாவீர்கள். உங்கள் முன்னும் ஒருநாள் ஓர் இளைஞன் வந்து நிற்பான், ஆயிரத்தில் 97 என்ற எண்ணைச் சுமந்துகொண்டு. 'இவனுக்கு வராது' என்று நாக்கு நுனிவரை வரும். அப்போது ஒரே ஒரு வினாவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவனுக்கு வரவில்லையா, அல்லது இவனை நாம் வரவிடவில்லையா?