குரல் என்னும் நரம்பு

நுழையும்முன்
இசைக்கருவிக்கு நரம்பு பூட்டுவது எளிய கைவேலைபோலத் தோன்றும். எந்த நரம்பு, எவ்வளவு தடிமன், எவ்வளவு இறுக்கம் என வினவத் தொடங்கினால் அறிவியலும் இசையும் மொழியும் அங்கு ஒன்றுகூடும். சுரைக்குடுக்கையில் பாஞ்சோ செய்ய முயன்ற ஒரு மாணவரின் பட்டறிவே இக்கட்டுரை.

1986ஆம் ஆண்டு நான் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. எங்கள் ஊர் செட்டிகுளம். கையில் கரும்பேந்திய முருகன் குன்றின்மேல் நிற்க, அடிவாரத்தைச் சுற்றிச் சின்ன வெங்காயம் விளையும் ஊர். ஒருநாள் மாலை, வெங்காயப் பட்டறைக்குக் காவலிருந்தபோது வானொலியில் ஒரு மேற்கத்தியப் பாடலைக் கேட்டேன். நரம்பின் இனிமையும் தோற்கருவியின் அதிர்வும் ஒன்றாய்க் கலந்த ஓர் ஒலி அதில் துள்ளி வந்தது. அதன் பெயர் பாஞ்சோ என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் கூறினார்.

பாஞ்சோ என்றால் நம் நாட்டில் பலரும் பொத்தான்கள் வைத்த புல்புல்தாராவையே நினைப்பர். நான் கேட்டது வேறு. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சுரைக்குடுக்கையின் வாயில் தோல் போர்த்தி, கழி செருகி, நரம்பு பூட்டி இசைத்த கருவிகளே அதன் மூலம். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட அம்மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் தம் நினைவிலிருந்து அக்கருவியை மீண்டும் செய்தனர். நம் யாழின் பத்தரும் தோல் போர்த்தப்பட்டதே. இருபத்தொரு நரம்புடைய பேரியாழையும் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழையும் பற்றிப் படித்திருந்த எனக்கு, குடுக்கையும் தோலும் அயலாகத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு குடுக்கை இருந்தது. என் அப்பாயி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஆண்டுதோறும் விதை சேமித்துவந்த குடுக்கை அது. அவரிடம் கேட்காமலேயே அதை எடுத்து வாயை அறுத்தேன். உறுமிக்குத் தோல் கட்டும் முதியவர் ஒருவர் ஆட்டுத்தோலைப் போர்த்தித் தந்தார். பூவரசங்கழி தண்டியாயிற்று, மூங்கில் துண்டு குதிரையாயிற்று. நரம்புக்கு மிதிவண்டியின் தடைக்கம்பியைப் பிரித்து நான்கு இழைகளை எடுத்துப் பூட்டினேன்.

நான்கும் ஒரே தடிமன். தாழ்ந்த சுரத்திற்குத் தளர்த்தினால் இழை தொய்ந்து கரகரத்தது. உயர்ந்த சுரத்திற்கு இறுக்கினால் தண்டி வளைந்தது. பள்ளி ஆர்மோனியத்தின் சுருதியை எட்டியே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தில் பிருடையை மேலும் ஒரு சுற்றுத் திருகினேன். கழி செருகிய இடத்தில் குடுக்கை பிளந்தது.

அந்த ஓசை கேட்டு அப்பாயி வந்தார். பிளந்த குடுக்கையைக் கையிலெடுத்து, உட்புறத்தில் ஒட்டியிருந்த ஒரு விதையை நகத்தால் சுரண்டி எடுத்தார். வெகுநேரம் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, "வேலியில கொடி கெடக்கு சாமி. ஒரு காய முத்த விடுவோம். இந்தத் தடவ அது தாங்குறதக் கட்டு" என்றார்.

காய் முற்றிப் பரணில் உலர்வதற்குள் மாதங்கள் பல கழிந்தன. அக்காலத்தில்தான் நான் கற்றேன். இயற்பியல் ஆசிரியர் சுரமானியை முன்வைத்து விளக்கினார். ஒரே நரம்பின் சுருதியை ஒரு தாயி உயர்த்த, அதன் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். எஃகின் அடர்த்தி நைலானைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆகவே ஒரே நீளமும் தடிமனும் சுருதியும் வேண்டுமாயின், எஃகு நரம்பு குடுக்கையை ஏழு மடங்கு விசையுடன் இழுக்கும். என் குடுக்கை ஏன் பிளந்தது என்பது அன்று புரிந்தது. வீணையில் தாழ்ந்த சுரத்திற்குரிய மந்தர நரம்பு தடித்தும், சாரணி மெலிந்தும் இருப்பதன் காரணமும் விளங்கிற்று.

பாஞ்சோவுக்குச் சுருதி கூட்டும் முறையொன்றையும் ஆசிரியர் தேடித் தந்தார். அதை நம் சுரங்களில் எழுதினால், நான்கு நீண்ட நரம்புகளும் கீழிருந்து மேலாக ப, ச, க, ப என அமையும். தமிழிசைப் பெயர்களில் இளி, குரல், கைக்கிளை, இளி. தண்டியின் இடையிலிருந்து தொடங்கும் குட்டையான ஐந்தாம் நரம்பு, கட்டைவிரலுக்குரியது. மேல் ச மட்டுமே ஒலிப்பது. வீணையின் பக்கத்தில் உள்ள தாள நரம்புகளை அது நினைவூட்டும். கைக்கிளை நரம்பை அரைச்சுரம் உயர்த்தி உழை ஆக்கினால், அதே கருவி வேறோர் உணர்வைத் தரும்.

திருச்சிக் கடைத்தெருவில் தூண்டிலுக்கான நைலான் வாங்கினேன். கடைக்காரர் அதையும் 'நரம்பு' என்றே சொன்னார். எல்லா நரம்புகளும் ஏறக்குறைய ஒரே விசையில் இழுக்கவேண்டுமெனில், சுருதி உயர உயரத் தடிமன் அதே விகிதத்தில் குறையவேண்டும். கீழ் இளிக்கு 1.2 மி.மீ. எனக் கொண்டால், குரலுக்கு 0.9, கைக்கிளைக்கு ஏறத்தாழ 0.7, மேல் இளிக்கு 0.6 மி.மீ. என்று கணக்கு வந்தது. ஐந்தாம் நரம்பின் நீளம் முக்கால் பங்கே ஆதலால், அதற்கும் 0.6 மி.மீ. பொருந்திற்று. கடையில் கிடைத்தவற்றுள் இவ்வளவுகளுக்கு அண்மையானவற்றைத் தேர்ந்தேன்.

புதிய குடுக்கை தாங்கியது. ஆயினும் பழைய பிடிவாதம் என்னை விட்டபாடில்லை. ஆர்மோனியத்தின் சுருதிக்கே குரல் நரம்பைக் கூட்டினேன். வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த அப்பாயியைப் பாடச் சொன்னேன். அவர் ஒரு தாலாட்டைத் தொடங்கி, இரண்டாம் அடியில் மூச்சு முட்டி நிறுத்தினார். "என் தொண்டைக்கு எட்டுற எடத்துல வையி சாமி" என்றார். ஐந்து பிருடைகளையும் தளர்த்தினேன். அவர் பாடப் பாட, முதலில் குரல் நரம்பைச் சேர்த்தேன்; மற்ற நான்கையும் அதனோடு சேர்த்தேன். ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் அச்சுருதி சரியாக அமையவில்லை. ஆனால் அன்று தாலாட்டு முழுவதும் கேட்டது.

தமிழர் ஏழு சுரங்களுள் முதலாவதற்குக் 'குரல்' என்று பெயரிட்டதை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருத்தம் அன்றுதான் புலப்பட்டது. சுரத்தையும் நரம்பு என்றே நம் முன்னோர் வழங்கினர். நின்ற நரம்பிற்கு நான்காவதை நட்பு என்றும் ஐந்தாவதைக் கிளை என்றும் உறவு சொல்லி அழைத்தனர். சுருதி என்பது எட்டிப் பிடிக்கவேண்டிய உயரம் என எண்ணியிருந்த எனக்கு, அஃது ஓர் உறவு என்பதை உணர்த்தியவர் பள்ளிக்கே செல்லாத என் அப்பாயி.

அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் பாடியதை எவரும் பதிவு செய்யவில்லை. கருவி இன்றும் என்னிடம் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரமேறித் தொய்ந்துவிடும்; வெயிலில் காயவைத்து மீண்டும் சுருதி கூட்டவேண்டும். நரம்புகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் முதல் நரம்பைக் கூட்டும்முன் கண்மூடி அமர்கிறேன். அந்தத் தாலாட்டு நினைவில் எழும் இடத்தில் பிருடையை நிறுத்துகிறேன்.