அடிக்காத கைக்கும் அஞ்சிய குதிரை

பிள்ளைகளே, ஒருவர் நம்மை நம்பவில்லை என்றால் மனம் சுருங்குகிறது. நாம் செய்யாத குற்றத்துக்காக நம்பவில்லை என்றால் கோபமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது, தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரைத் தாண்டி, நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நின்ற குதிரையிடம்.

கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஓடித் தேய்ந்த பெண் குதிரை அது. வாயின் இரு ஓரங்களிலும் பழைய புண்களின் தழும்பு. முள் வைத்த கடிவாளத்தின் வேலை. அத்தகைய கடிவாளம் கூடாது என்று மத்திய அரசின் விதிகள் 1965-லேயே சொல்லிவிட்டன. அவ்விதிகளுக்குத் தாயான மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அப்படியொரு சட்டம் வேண்டும் என்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். நம் தென்சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் பிடிவாதம் அதில் இருக்கிறது. ஆனால் சட்டம் எழுதிய தாளுக்கும் குதிரையின் வாய்க்கும் இடையே உள்ள தூரம் இன்னும் பெரிதுதான்.

அந்தக் குதிரை எல்லோருக்கும் பயப்படவில்லை. நண்பரின் மனைவி கையில் கொள்ளு வைத்து நீட்டினால் தின்னும். குழந்தைகள் கழுத்தைத் தடவினால் நிற்கும். வேட்டி கட்டிய தோட்டக்காரரோடும் சண்டையில்லை. காக்கிக் கால்சட்டையும் பீடி வாடையுமாக ஓர் ஆள் வாசலில் தெரிந்தால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விழியின் வெள்ளை தெரிய நடுங்கும். அடித்தவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவன் எப்படி இருந்தான் என்பதை அதன் உடம்பே சொல்லிவிட்டது.

சோதனை வந்தது லாடக்காரர் வடிவில். குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியே ஆக வேண்டும். நம் லாடக்கார பாயோ காக்கிக் கால்சட்டைக்காரர், பீடிக்காரரும்கூட. குதிரை உதறியதைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது. "நான் என்னா சார் பண்ணேன் இதை? என்னைப் பார்த்து ஏன் இப்படி உதறுது?" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று பழமொழியை எடுத்துவிட்டார். குணம் குதிரையுடையதா, கடிவாளத்தை இழுத்தவனுடையதா என்று அந்தப் பழமொழி விசாரிப்பதில்லை.

வளர்ந்த குளம்பு காத்திருக்காது. ஆகவே முதல்முறை கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, குளம்பைச் சீவ வைத்தார். வாய்ப்புண், பல், முதுகு எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட்டார். வலி மிச்சமிருக்கும் உடம்புக்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை.

அதன்பின் பாய் வேலை இல்லாத நாட்களிலும் வந்தார். பீடியும் சுத்தியலும் வெளியிலேயே இருக்கும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் கண் தெரியாது; அதனால் தோள்பக்கமாக, உற்றுப் பார்க்காமல் வருவார். அது காதைத் திருப்பிய இடத்தில் நிற்பார். தலை தாழ்ந்து மூச்சு சீரானதும், கிட்டே போகாமல் திரும்பி நடப்பார். எனக்கு வியப்பாக இருந்தது அந்தத் திரும்பி நடப்பதுதான். விலகிப் போகத் தெரிந்தவன் என்று காட்டிய பிறகே நெருங்கும் உரிமை கிடைக்கிறது. பிறகு கொள்ளுத் தொட்டியை வைத்துவிட்டுப் போனார். பிறகொரு நாள் முதுகும் கழுத்தும் சேரும் திமில் மேட்டைச் சொறிந்துவிட்டார். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைவதை ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது என்று நினைக்கிறோம். கடித்த பல்லையும் குதிரை கண்டுகொள்ளும். பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பெயர்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் தலை அறியாமல் அசைவதைப் பார்த்தே விடை சொன்னது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். 2018-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒருவரின் சினந்த முகத்தைப் படத்தில் பார்த்த குதிரைகள் சில மணி நேரம் கழித்து அவரையே நேரில் கண்டபோது எச்சரிக்கையாக நடந்துகொண்டதைக் காட்டினார்கள். அப்போது அவர் முகத்தில் சினமே இல்லை.

நீங்களும் இப்படிப்பட்டவர்களைச் சந்திப்பீர்கள். முந்தைய மேலாளரிடம் அவமானப்பட்டவர் உங்கள் குழுவில் சேருவார். குடிகாரத் தகப்பனிடம் வளர்ந்தவள் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவாள். நீங்கள் குரல் உயர்த்தாமலே அவர்கள் ஒதுங்குவார்கள். "நான் என்ன செய்தேன்?" என்ற கேள்வி நியாயமானதுதான். பாய் அதை ஒருமுறை கேட்டார். மறுபடி கேட்கவில்லை, வேறொருவன் வைத்துவிட்டுப் போன கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு அடைக்கத் தொடங்கினார். அவரிடம் நான் கண்ட பெருமை அதுதான்.

ஒருநாள் குதிரை தானாகக் கால் தூக்கிக் கொடுத்தது. எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். அடுத்த வாரமே மின்வாரியக் கணக்கெடுப்பாளர் காக்கியில் வர, மறுபடி சுவரோரம் ஒண்டியது. பாயை நம்பியது உண்மை, காக்கியை நம்பவில்லை. எனவே ஒவ்வொருவராக அறிமுகம் நடக்கிறது. மின்வாரியக்காரர் வேலி வரை வந்துவிட்டார். இப்போது கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியின் முறை. சட்டைப் பையில் வெல்லக்கட்டி வைத்திருக்கிறார். எப்போது எடுக்கலாம் என்பதைப் பாய் சொல்வார்.