பாரம் ஏற்றாத வண்டி

ஒஹாயோ மாநிலம், டொலீடோ நகரின் ஓரம். பிப்ரவரி மாதம். தெருவெல்லாம் உப்புத் தூவியிருக்கிறது. வீட்டை ஒட்டிய கராஜின் கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருக்கிறது. இடுக்கில் ஒரு ஜோடி பூட்ஸ் தெரிகிறது.

உள்ளே கறுப்பு பிக்கப் ஒன்று நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகள்மேல் நிற்கிறது. சக்கரங்கள் இல்லை. பானெட்டைக் கழற்றி, பழைய போர்வை சுற்றிச் சுவரோடு சாய்த்திருக்கிறது. ஜிஎம்சி சைக்ளோன், 1991 மாடல். அந்த ஆண்டு வந்தவை 2,995 வண்டிகள். அத்தனையும் கறுப்பு. அடுத்த ஆண்டு மூன்று. அதோடு சரி.

சொந்தக்காரரின் மனைவியின் கார் வாசலில் நிற்கிறது. அதன்மேல் நான்கு விரற்கடை பனி. காலை ஏழு மணிக்கு அந்த அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டுகிறார். கராஜில் ஹீட்டர் ஓடுகிறது.

சுவரில் ஒரு சட்டம். அதற்குள் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழின் ஒரு பக்கம். 1991இல் இதே மாடல் வண்டியை ஃபெராரி 348 உடன் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தூரம் கால் மைல். பிக்கப்புக்கு 14.1 விநாடி, ஃபெராரிக்கு 14.5. உச்ச வேகத்தில் ஃபெராரிதான் கெட்டி. அதற்குச் சட்டம் போடவில்லை.

இன்ஜின் 4.3 லிட்டர் வி6. டர்போ உண்டு. 280 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களும் இழுக்கும். டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ட்ராய் என்ற ஊரில், பிஏஎஸ் என்ற சிறிய நிறுவனம் சாதாரண சோனோமா பிக்கப்புகளை இப்படி மாற்றிக் கொடுத்தது. கையேட்டின்படி வண்டி தாங்கும் பாரம் 500 பவுண்டு. கிலோவில் சுமார் 227. பருமனான ஆட்கள் இரண்டு பேர் ஏறினாலே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும்.

சொந்தக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மூக்குக் கண்ணாடி நெற்றிமேல். இன்று ஒரு போல்ட். எக்ஸாஸ்ட் பக்கம், டர்போவுக்கு அடியில். தலை துருப்பிடித்து உருண்டையாகிவிட்டது.

எண்ணெய் தெளிக்கிறார். காத்திருக்கிறார். காபி குடிக்கிறார். மறுபடி தெளிக்கிறார். டார்ச்சைப் பற்றவைத்துச் சூடு காட்டுகிறார். சுத்தியலால் இரண்டு தட்டு. ராட்செட்டை மாட்டி அரைக்கால் சுற்று திருப்புகிறார். திரும்ப அரைக்கால் பின்னுக்கு. மறுபடி முன்னுக்கு. மூச்சைப் பிடித்திருக்கிறார்.

‘டிக்’ என்று ஒரு சத்தம்.

ராட்செட்டை வெளியே எடுக்கிறார். சாக்கெட்டுக்குள் போல்ட்டின் தலை மட்டும் இருக்கிறது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, அலமாரியில் வைக்கிறார். பிறகு டிரில்லைத் தேடுகிறார்.

அலமாரி நெடுகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எழுத்து. ‘முன் பிரேக், ஒரிஜினல்.’ ‘சைலன்சர், ஒரிஜினல், ஓட்டை.’ ‘கதவுப் பிடி, உடைந்தது, ஒரிஜினல்.’ வண்டியில் இப்போது பெரிய பிரேக்குகள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய். வாங்கி வைத்த 17 அங்குல வீல்கள் மூலையில். கம்பெனி கொடுத்த 16 அங்குல வீல்கள் நான்கும் மெத்தை உறைக்குள், விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியில்.

கூரைத் துணி தொங்கிவிட்டது. முந்தைய சொந்தக்காரர் குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறார். குண்டூசிகளை இவர் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். துணி தலைமேல் விழுகிறது. உள்ளேயிருந்த நுரை பழுப்புப் பொடியாக உதிர்கிறது. கண்ணாடியில் முகம் பார்க்கிறார். புருவம் நிறம் மாறியிருக்கிறது. அப்படியே கூரையைச் சுரண்டத் தொடங்குகிறார்.

மார்ச் மாதம். பெஞ்சின்மேல் இரண்டு நிற அட்டைகள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. மார்ல்பரோ சிகரெட் கம்பெனி போட்டிப் பரிசாகக் கொடுத்த பத்து சைக்ளோன்களுக்கு மட்டும் பிறகு சிவப்பு பூசினார்கள். சிவப்பு அட்டையை வண்டியின் கதவில் வைத்துப் பார்க்கிறார். நாலடி பின்னால் போகிறார். முன்னால் வருகிறார். மனைவி காபியோடு வந்து நிற்கிறார்.

“இது நல்லா இருக்கே.”

“ம்.”

சிவப்பு அட்டை இழுப்பறைக்குள் போகிறது. மறுநாள் வரும் டப்பாவில் கறுப்பு.

பட்டி, ப்ரைமர், பெயிண்ட், கிளியர். நடுவில் எமரித் தாள். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. 800 நம்பர், பிறகு 1500, பிறகு 2000. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவுகிறார். ஓர் இடத்தில் கை நிற்கிறது. மறுபடி 800.

மே மாதம். வண்டி தரையில் நிற்கிறது. பின்னாலுள்ள சாமான் தொட்டியின் மேல் புதிய கறுப்பு உறை, பட்டன்கள் இழுத்து மாட்டியிருக்கின்றன. சாவியைத் திருகுகிறார். இன்ஜின் பிடிக்கிறது. டர்போ மீட்டரின் முள் நடுங்கி நிற்கிறது. தெருமுனை வரை போகிறார். திரும்பி வருகிறார். துணியால் சக்கரங்களைத் துடைக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நிற்கிறார். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார்.

“அருமையான வண்டி. சனிக்கிழமை ஒரு சோபா எடுத்து வரணும். மாமியார் வீட்டிலிருந்து.”

“எவ்வளவு எடை இருக்கும்?”

“நூறு பவுண்டு இருக்குமா?”

அவர் தொட்டியின் உறையைப் பார்க்கிறார். ஒரு பட்டனைக் கழற்றுகிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார். பட்டனை மாட்டுகிறார்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு?”

சனிக்கிழமை பத்து மணி. வெள்ளை பிக்கப் ஒன்று வீட்டு முன்னால் வந்து நிற்கிறது. கதவில் வாடகைக் கடையின் பெயர். ஓட்டி வந்தவர் சைக்ளோனின் சொந்தக்காரர்தான். ஸ்டியரிங்கின் ஓரம் உரிந்திருக்கிறது. தொட்டியில் பழைய மண். சோபாவை இருவருமாகத் தூக்கி உள்ளே தள்ளுகிறார்கள். அதன் கால் பக்கவாட்டில் உரசி நீளமாக ஒரு கீறல் விழுகிறது. அவர் குனிந்தும் பார்க்கவில்லை. கயிறு கட்டுகிறார், இரண்டு முடிச்சு.

மாலையில் வண்டியைத் திரும்ப விடுகிறார். வாடகை, பெட்ரோல் இரண்டையும் அவரே கட்டுகிறார். எவ்வளவு ஆயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்கிறார். பேச்சு பேஸ்பாலுக்குப் போய்விடுகிறது.